தனுஷ்கோடி: கணக்கில் இல்லாத ஊரும் காணாமல் போன புகையிரதப் பாதையும்

தலைமன்னாருக்கு நேரெதிரே, ஏறத்தாழ 30 கி.மீ. கடலுக்கு அப்பால் இருக்கிறது தனுஷ்கோடி. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள மணல் ஊர் இது. போக்குவரத்தால் வளர்ந்த இவ்வூர், அந்தப் போக்குவரத்து நின்றதும் குடிசனக் கணக்கிலிருந்தும் மறைந்து போனது.

1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் புகையிரதம் தனுஷ்கோடி வரை ஓடியது. பயணிகள் அங்கு கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகையிரதத்தில் கொழும்பு சென்றனர். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டுப் போதுமாக இருந்தது. புகையிரத நிலையம், சுங்க அலுவலகம், தபாலகம், பாடசாலை, தேவாலயம் என ஒரு சிறு துறைமுக நகருக்கு வேண்டிய யாவும் அங்கு இருந்தன. வணிகரும் யாத்திரிகரும் உறவினர் வீட்டுக்குப் போவோரும் இவ்வழியாகவே போய் வந்தனர்.

1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய புயல் இவை அனைத்தையும் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் புகையிரதம், நிலையத்தை நெருங்கிய வேளையில் கடலலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே புயலில் சேதமடைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. இராமேஸ்வரம் வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. ஆனால் தனுஷ்கோடிக்கான தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. கப்பல் சேவை இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டு, 1980களில் யுத்தச் சூழலில் அதுவும் நின்றது.

ஊர் அழிந்தாலும் மீனவர்கள் தொழிலை விட்டு அகலவில்லை. ஓலைக் குடிசைகளில் சில நூறு குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மணலில் குழி தோண்டி ஊறும் நன்னீரையே குடிக்கின்றனர். எனினும் 2011 குடிசன மதிப்பீட்டில் இராமேஸ்வரம் நகராட்சியின் 44,856 பேர் என்ற மொத்தத் தொகையைத்தான் காண முடிகிறது. தனுஷ்கோடிக்கெனத் தனியான எண் இல்லை. எண் இல்லாத ஊருக்குப் பாடசாலையோ, மருத்துவ நிலையமோ, பேருந்தோ கேட்பது கடினம். எத்தனை பேருக்கு என்பதே அதிகாரிகளின் முதற் கேள்வியாக இருக்கும்.

நீண்ட காலமாக மணலிலும் சேற்றிலும் ஓடும் வாகனங்களே இவர்களுக்கு வழியாக இருந்தன. நோயாளியையும் கர்ப்பிணியையும் பிடித்த மீனையும் அப்படியே கொண்டு சென்றனர். 2017 ஜூலையில்தான் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார் வீதி திறக்கப்பட்டது. அழிந்த ஊரைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளும் அவ்வீதியால் பெருகினர். வீதியோரம் சங்கும் பொரித்த மீனும் விற்பது சில குடும்பங்களுக்கு இன்னொரு வருமானமானது.

எம்மவருக்கு இந்தக் கரை வேறொரு வகையிலும் தெரிந்தது. 1983 இற்குப் பின் படகேறிய பலர் இம்முனையிலும் அருகிலுள்ள மணல் திட்டுகளிலுமே இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றனர். 2022 பொருளாதார நெருக்கடியின் போதும் குழந்தைகளுடன் வந்த குடும்பங்கள் அத்திட்டுகளில் இறக்கி விடப்பட்டன.

இக்கரையில், யுத்தத்தால் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் இறங்குதுறை வரை மீளத் திறக்கப்பட்டது. அக்கரையில் தண்டவாளம் இராமேஸ்வரத்துடன் நிற்கிறது. இடையில் கப்பல் இல்லை.

இடம்பெயர்ந்து திரும்பிய எமது கிராமங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மக்கள் திரும்பி வந்தால் மட்டும் ஊர் மீண்டுவிடாது. அவர்கள் பதிவேட்டில் எண்ணப்பட வேண்டும். அந்த எண்ணைக் காட்டி வீதியையும் பேருந்தையும் கேட்க வேண்டும். கிராம அலுவலரிடம் பதிவு செய்வதைச் சிறிய வேலையென எவரும் தள்ளிப்போட வேண்டாம்.