மூடியைத் திறந்தால் பழவேற்காட்டு உப்பு!

மொத்தம் எட்டு ஸ்க்ரூ. மூன்று உப்புக்காற்றில் துருவேறி, திருப்புளிக்கே மசிய மாட்டேன் என்கின்றன. பழவேற்காட்டில் ஒரு மீனவர் வீட்டுத் திண்ணை. வலை வாசத்துக்கு நடுவே ஒரு விலையில்லா மடிக்கணினியின் வயிற்றைத் திறந்துகொண்டிருக்கிறோம். எனக்கோ கல்யாண வீட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கிற குஷி!

அக்கா பிளஸ் டூவில் வாங்கியதாம். இப்போது தம்பி கையில். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இந்த மடிக்கணினித் திட்டம் தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். உள்ளே இரண்டு இயங்குதளம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் மகா கறார். வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது! 2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7க்குத் தந்த ஆதரவுக்கு மூடுவிழா. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும்.

“நல்லா ஓடிக்கினு கீற மிஷினை ஏண்ணா கைவிடுறாங்கோ?”

வாங்க, திரைக்குப் பின்னால் போவோம். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்கு அப்டேட் வரும். அதற்கு முன் விதவிதமான சிப், வைஃபை, திரை என்று எல்லாவற்றிலும் அதை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். நடுவில் டிரைவர் என்றொரு துபாஷி. (டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊருக்குத் துபாஷி புதுசா என்ன!) இயங்குதளம் பேசுவதைச் சிப்புக்குப் புரியவைப்பது அதன் வேலை. அதை எழுதுவது பெரும்பாலும் சிப் கம்பெனி. கம்பெனி புது சிப்புக்குத் தாவிவிட்டால் பழசுக்காகப் பேச ஆளில்லை. போதாக்குறைக்குப் பாதுகாப்பு: விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தின் விதிமுறையே 2014இல்தான் வெளியானது. 2011 மதர்போர்டில் எங்கே போய்த் தேட? புதுசை விற்கும் ஆசையும் உண்டுதான். பழசைப் பராமரித்தால் கல்லாவில் பெரிதாக ஒன்றும் விழாது.

லினக்ஸ் மட்டும் தர்மசத்திரமா? 2012 டிசம்பரில் அதுவும் இன்டெலின் 386 சிப்பைக் கழற்றிவிட்டது. 1991இல் லினக்ஸ் பிறந்த வீடே அந்தச் சிப்தான்!

தம்பி சிரிக்கிறார்: “போட் இன்ஜின் கதைதாண்ணா. ஸ்பேர் நின்னா அம்போ.”

தூசி தட்டி, ஸ்க்ரூக்களைப் பூட்டி, பென் டிரைவில் கொண்டுபோன எடை குறைந்த லினக்ஸைப் போட்டோம். 2 ஜிபி ரேமிலேயே ஏறிவிட்டது. தம்பி முதல் வேலையாக வால்பேப்பரை மாற்றினார்: பழவேற்காடு ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரை.