அணியும் அடையாளமும்: இணையப் பக்கத்தில் தரவு வரிசை தோன்றும் முறை

அணி என்னுஞ் சொல் தமிழிலே பல பொருள் குறித்து வழங்குவது. அழகு, ஆபரணம், படைவகுப்பு, வரிசை என்பன அவற்றுட் சில. கணினியியலார் இச்சொல்லை வரிசை என்னும் பொருளிற்கு அணுக்கமாக எடுத்து, ஒரு பெயரின்கீழ் ஒழுங்குபட நிறுத்தப்பட்ட தரவுத் தொகுதியைக் குறிக்க வழங்குகின்றனர். ஒரு வகுப்பு மாணவரின் பெயர்கள், ஒரு நூலகத்தின் நூற்பட்டியல், ஒரு கடையின் விலைவிவரம் என்பன கணினியுள் பெரும்பாலும் அணிகளாகவே வைக்கப்படும். அவ்வாறு உள்ளிருக்கும் அணியைப் பார்ப்போர் கண்முன் பட்டியலாகக் காட்டுதல் எளிய செயல்போலத் தோன்றும். ஆயினும் நுணுகி நோக்கவேண்டிய செய்திகள் சில அதன்கண் உள. அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைய மேலோடிகள் யாவும் அறிந்த மொழி ஜாவாஸ்கிரிப்ற் ஆகும். 1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பவர் இதனை ஆக்கினார். முதல் வடிவம் பத்தே நாளில் உருவாயிற்று என்பர். 1997இல் இம்மொழிக்குப் பொதுநியமம் வகுக்கப்பட்டது. இதனைக்கொண்டு பக்கங்களை எளிதில் அமைத்தற்பொருட்டுப் பின்னர் எழுந்த துணைக்கருவிகளுள் றியாக்ற் என்பது பெருவழக்குப் பெற்றது. பேஸ்புக் நிறுவனத்திற் பணிபுரிந்த ஜோர்டன் வோக் என்பார் இதனைத் தோற்றுவித்தார். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் இது யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிடப்பட்டது.

றியாக்ற் முறையில் ஒரு பக்கம் பல கூறுகளாகப் பகுக்கப்படும். கூறு என்பது ஒரு சார்பு. தரவைப் பெற்று, அத்தரவிற்கேற்பத் திரையில் யாது தோன்றவேண்டும் என்பதை விவரித்துத் தருவது. தரவு மாறுமாயின் கூறு மீண்டும் இயங்கிப் புதிய விவரிப்பைத் தரும். பழைய விவரிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டுமே றியாக்ற் திரையில் திருத்தும்.

இனி, அணியைக் காட்டும் முறையை நோக்குவோம். அணியின் உறுப்புக்கள் பூச்சியத்திலிருந்து எண்ணப்படும். மூன்று பெயர்கள் உள்ளவிடத்து அவற்றின் வரிசையெண்கள் 0, 1, 2 என்பன. பெயர்களாகிய அச்சொற்களை அவ்வாறே கூற்றினுள் இட்டால், அவை இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டித் தோன்றும். ஒவ்வோருறுப்பும் பெயர், இலக்கம், வகுப்பு எனப் பல பண்புகளை உடைய பொருளாயின், றியாக்ற் அதனைக் காட்ட மறுத்துப் பிழையெனக் கூறும். ஆகவே ஒவ்வோருறுப்பையும் திரைக்குரிய ஒரு நிரையாக மாற்றியமைத்தல் வேண்டும். இத்தொழிலைச் செய்வது மாப் என்னும் செயல்முறை. அஃது அணியின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்து, குறித்த விதிப்படி மாற்றி, அதே நீளமுள்ள புதிய அணியைத் தரும். மூல அணி மாறாதிருக்கும். பெயரணி உள்ளே செல்ல, நிரையணி வெளியே வரும் என்க.

இவ்விடத்தில் றியாக்ற் ஒன்றை வேண்டிநிற்கும். ஒவ்வொரு நிரைக்கும் கீ எனப்படும் அடையாளக்குறி ஒன்று கொடுக்கப்படவேண்டும் என்பதே அது. கொடாவிடின், செய்நிரல் ஆக்கப்படுங் காலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். இவ்வேண்டுகோளின் காரணம் யாதெனின், முன் கூறிய ஒப்பீடே ஆகும். இரு விவரிப்புக்களை எவ்விதக் குறிப்புமின்றி முற்றும் ஒப்பிடும் பொதுமுறைகள், 1000 உறுப்புக்களுக்கு ஏறத்தாழ 100 கோடி ஒப்பீடுகளை வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே றியாக்ற் சில எளிய கொள்கைகளை மேற்கொண்டு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே அடையாளக்குறி உடைய நிரைகள் முன்னும் பின்னும் ஒன்றே எனக் கொள்ளுதல் அவற்றுள் ஒன்று.

எச்சரிக்கையை நீக்கக் கருதிப் பலர் உறுப்பின் வரிசையெண்ணையே அடையாளக்குறியாக இட்டுவிடுவர். எச்சரிக்கை மறைந்துவிடும், ஆனால் இடர் மறைவதில்லை. ஓர் உதாரணத்தால் இதனைத் தெளியலாம்.

புள்ளி பதியும் பக்கம் ஒன்றில் கமலா, நடராசா, வள்ளி என மூவர் பெயர் நிரையாக உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு பெயரின் அருகிலும் புள்ளி எழுதும் பெட்டி ஒன்று உண்டு. எழுதப்படும் எண் அணியிற் சேராது பெட்டியிலேயே தங்கியிருக்கிறது. ஆசிரியர் முறையே 72, 41, 88 எனப் பதிகிறார். பின்னர், கமலா வேறு வகுப்பிற்கு மாறியமையால் அவர் பெயரை நீக்குகிறார். இப்பொழுது நடராசா 0ஆம் இடத்திற்கும் வள்ளி 1ஆம் இடத்திற்கும் ஏறுகின்றனர். 0, 1 என்னும் குறிகள் முன்போலவே இருத்தலின், அந்நிரைகள் பழையனவே என்று கொண்ட றியாக்ற், பெயர்களை மட்டும் திருத்திப் பெட்டிகளை இருந்தவாறே விடும். 2ஆம் நிரையை அகற்றும். விளைவு யாது? நடராசாவிற்கு 72, வள்ளிக்கு 41. வள்ளி பெற்ற 88 காணாமற்போயிற்று. இதன்கண் பிழையறிவிப்பு எதுவும் எழாது. பக்கமும் ஒழுங்காகவே தோன்றும். அவ்வாறே அச்சிடப்படின், ஒரு மாணவியின் உழைப்பு பிறர் அறியாமலே அழிந்துவிடும்.

வரிசையெண்ணிற்குப் பதிலாக மாணவரின் சேர்விலக்கம் குறியாக இடப்பட்டிருப்பின் இத்தீங்கு நேராது. 2101 என்னும் குறியுடைய நிரை இல்லாதொழிந்தது என்பதை றியாக்ற் உணர்ந்து, அந்நிரையையே அதன் பெட்டியோடு அகற்றும். 41உம் 88உம் உரியவரிடமே நிற்கும். இக்குறி ஒரே பட்டியலிலுள்ள நிரைகளுக்குள் வேறுபட்டிருந்தாற் போதும். பக்கம் முழுவதிலும் வேறுபடவேண்டுவதில்லை. ஆனால் அது நிலையானதாய் இருத்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு முறையும் எழுமாறாகப் பிறப்பிக்கப்படும் எண்ணைக் குறியாக இடுவோரும் உளர். அங்ஙனஞ் செய்யின் எல்லா நிரைகளும் ஒவ்வொரு முறையும் புதியனவாகக் கருதப்பட்டு மீள ஆக்கப்படும். வேகங் குன்றுவதோடு, பெட்டிகளில் எழுதியனவும் அழியும். வரிசை மாறாது, நீக்கலும் இடைச்சேர்த்தலும் இன்றி, வெறுமனே வாசித்தற்கு அமைந்த பட்டியலில் மட்டும் வரிசையெண் தீங்கு பயவாது.

அணியை மாற்றும் முறையிலும் கவனம் வேண்டும். இருக்கும் அணியின் இறுதியிலேயே புதிய உறுப்பைச் சேர்த்து அவ்வணியையே மீளக் கொடுத்தால், றியாக்ற் அதனைப் பழைய அணியாகவே கருதித் திரையை மாற்றாது விடலாம். ஏனெனில் அது பார்ப்பது அணியின் உள்ளடக்கத்தை அன்று. அணி அதுவேயா என்பதையே. ஆதலால் பழைய உறுப்புக்களைப் படியெடுத்துப் புதியதைச் சேர்த்து வேறோர் அணியாக்கித் தருதல் முறை. வரிசைப்படுத்தும் செயல்முறையாகிய சோற் என்பதும் மூல அணியையே மாற்றுவது. ஆகவே படியெடுத்த பின்னரே அதனைப் பயன்படுத்துதல் நன்று. விதி எதுவும் கூறாவிடின் அஃது எண்களையும் சொற்களாகக் கொண்டே ஒழுங்குபடுத்தும். 9, 35, 100 என்னும் புள்ளிகள் 100, 35, 9 என்று ஏறுவரிசை பெறுதல் இதனாலாகும். எண்ணுக்குரிய ஒப்பீட்டு விதியை உடன்கொடுத்தால் இப்பிழை நீங்கும்.

உறுப்பில்லாத அணியும் கருதத்தக்கது. அணியின் நீளத்தை நேரே நிபந்தனையாக வைத்து, நீளம் இருந்தாற் பட்டியலைக் காட்டுக என எழுதுவோர், அணி வெறிதாயின் திரையில் 0 என்னும் எண் தனியே நிற்பதைக் காண்பர். நீளம் பூச்சியத்திலும் பெரிதோ என வினவி எழுதுதலும், வெறிதாயவிடத்துப் பதிவுகள் இல்லை என்னும் வாசகத்தைக் காட்டுதலும் தக்கன.

இவையெல்லாவற்றையும் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். இடம் வேறு, இடத்தில் நிற்பவர் வேறு. இன்று முதலிடத்தில் நிற்பவர் நாளை மூன்றாமிடத்தில் நிற்கலாம். அதனால் அவர் வேறொருவராகார். பாடசாலை இடாப்புகளில் மாணவரை இருக்கையின் ஒழுங்காற் குறியாது சேர்விலக்கத்தாற் குறித்துவருவதும் இக்காரணம் பற்றியே. கணினிக்கு இவ்வறிவு இயல்பாக அமைந்ததன்று. செய்நிரல் எழுதுவோரே அதனைக் கொடுத்தல்வேண்டும். கணினி கற்கும் மாணவர், பட்டியல் திரையில் தோன்றியவுடன் பணி முடிந்தது எனக் கொள்ளாது, நடுவிலுள்ள ஒரு பெயரை நீக்கியும் இடையில் ஒன்றைச் சேர்த்தும் ஒழுங்கை மாற்றியும் சோதித்தறிவாராக. அச்சோதனையிலும் உரியவை உரியவரிடம் நிற்குமாயின், அப்பட்டியல் நம்பத்தக்கது.