அழகுக் கலைக்கு ஒரு லைசென்ஸ் வேண்டாமா?

வைகாசி முகூர்த்தத்துக்கு நான்கே நாள் பாக்கி. மணப்பெண்ணின் அம்மா, அதாவது என் நாத்தனார், ஈரோட்டில் ஒரு பார்லருக்குப் போய்த் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் முகத்தைப் பார்த்து வீடே அலறியது. இமைகள் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை, நெற்றியெல்லாம் கொப்புளம்.

"காதுக்குப் பின்னால தடவிப் பார்த்துட்டுப் போட்டாங்களா?" டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்தப் பார்லர் பெண்ணிடம் சண்டை போடத்தான் போனேன். அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. "ஏனுங்கக்கா, எனக்கு அப்படி ஒண்ணு யாரும் சொல்லியே குடுக்கலீங்களே! மூணு மாசம் ஒரு அக்கா பார்லர்ல கூட நின்னு பார்த்துக் கத்துக்கிட்டேன். குழுவுல கடன் வாங்கித்தான் கடை போட்டேனுங்க" என்றாள். என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்று அவளை யாராவது கேட்டார்களா?

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவது இன்றும் பெருமைக்குரிய சடங்கு. அந்தக் காலத்தில் அவர் வீட்டு அம்மாதான் ஊருக்கு மருத்துவச்சி. தாயிடமிருந்து மகள் கற்றாள். யார் கை நல்ல கை என்பது ஊருக்கே தெரியும். ஊரின் ஞாபகம்தான் அன்று சர்டிபிகேட். இன்று முன்பின் தெரியாத கையில் நம் முகத்தைக் கொடுக்கிறோம். அந்தக் கைக்கு யார் சாட்சி?

பாட்டிலுக்குச் சட்டம், கைக்கு இல்லை

உள்ளாட்சி கொடுக்கும் தொழில் உரிமம் கடைக்குத்தான். கத்தரி பிடிக்கும் கைக்கு அல்ல. அழகுப் பொருள்களுக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. முகத்துக்கான க்ரீமில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்படியும் 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில், சிவப்பழகு க்ரீம் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது. காரணம் பாதரசம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். லேபிளே இல்லாத டப்பாவைப் பார்லர்காரி அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டுமென்றால், அவளுக்கு யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும் அல்லவா?

படிக்க வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ.யில் அழகுக்கலை ஒரு தொழிற்பிரிவு. நம் ஈரோடு கொல்லம்பாளையத்தில் கனரா வங்கியின் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இலவசமாகவே பயிற்சி தருகிறது. ஆனால் படித்தவள், படிக்காதவள் இருவருமே கடை திறக்கலாம். அதுதான் சங்கடம்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இதற்கு லைசென்ஸ் உண்டு. பல மாநிலங்களில் அந்த வாரியத்தை நடத்தும் செலவு, தொழில் செய்கிறவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஆனால் பூட்டு ரொம்பப் பெரிதானாலும் ஆபத்துதான். டெக்சாஸில் நூலால் புருவம் திருத்துகிறவர்களும் 750 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்றார்கள். நூலுக்கும் புருவத்துக்கும் எதற்கு இத்தனை மணி நேரம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. மும்பை சினிமாவில் மேக்கப் போடும் அட்டையை ஆண்களுக்கு மட்டுமே தந்தது ஒரு தொழிற்சங்கம். பெண்கள் தலை அலங்காரம் மட்டும் செய்யலாமாம்! சாரு குரானா என்ற கலைஞர் வழக்காட, 2014 நவம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அனுமதி அட்டை தவறான கையில் இருந்தால் பெண்ணின் பிழைப்புக்கே தாழ்ப்பாள்.

செலவு யாருடையது?

ஆகவே என் யோசனை இது. வேண்டியது பெரிய பூட்டு அல்ல, சின்னத் தேர்வு. சுத்தம், சாயப் பரிசோதனை, லேபிள் படிப்பது, தீப்புண்ணுக்கு முதலுதவி: இவ்வளவு போதும். பல வருஷம் அனுபவம் உள்ளவர்கள் நேராகத் தேர்வு எழுதட்டும். செலவை அரசு ஏற்கட்டும். கட்டணம் வைத்தால் வசதியுள்ள பார்லர் கட்டிவிடும். குழுக் கடனில் கடை போட்டவள்தான் கதவுக்கு வெளியே நிற்பாள். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயதானவர்களுக்கு மூன்று லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. கருவி வாங்கப் பணம் தரும் அரசு, அதைக் கையாளும் கைக்கும் கொஞ்சம் செலவு செய்யக் கூடாதா?

அதுவரை நாமே உஷாராக இருப்போம், சகோதரிகளே. சாயத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பொறுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் தலைச்சாயம் வேண்டவே வேண்டாம். பிளேடு புதிதா, துண்டு துவைத்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை ஒதுக்குங்கள்.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடியோடுதான் மகளைத் தாரை வார்த்தார். அந்தப் பெண் கொல்லம்பாளையத்தில் பயிற்சி முடித்து வந்துவிட்டாள். இப்போது அவசரப்படுத்தும் வாடிக்கைக்காரியிடம் அவள் சொல்வது: "கண்ணாலத்துக்கு வருஷக்கணக்கா காத்திருந்தீங்க, இதுக்கு ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களாக்கா?"