மொழிக்கு எல்லைக்கல் உண்டா?



சர்வே பிராக்டிகலில் செயினையும் பிளேன் டேபிளையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைபவர்கள் நாம். வயலுக்கு வரப்பு உண்டு, எல்லைக்கல் உண்டு. அளந்தால் படம் வந்துவிடும். "இந்தியாவுக்கு மொழிப்படம் போட்டுக் கொடுங்கப்பா" என்றால்? அங்கேதான் சிக்கல்.

முதலில், மொழி நிலத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. மொழிப்படத்தில் நம்ம தஞ்சை மாவட்டம் முழுக்க ஒரே வர்ணம், தமிழ். ஆனால் ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரத்தைக் கட்டியவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. தஞ்சையில் இன்றும் வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் உண்டு. கும்பகோணத்தில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்கள் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் தமிழ். அந்தத் தெருவுக்கு எந்த வர்ணம் அடிப்பது?

இரண்டாவது, பெயர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569! ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்வார், இன்னொருவர் சாதிப் பெயரைச் சொல்வார். இதைச் சலித்து 1,369 தாய்மொழிகள் ஆக்கினார்கள். அவற்றையும் தொகுத்து, பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் 121 மொழிகள் என்று பட்டியல் போட்டார்கள். மிச்சமெல்லாம் 'இதர மொழிகள்'.

மூன்றாவது, எதை எதோடு சேர்ப்பது? சுமார் இரண்டரை லட்சம் பேரின் சௌராஷ்டிரம் குஜராத்திக்குள் போனது. நீலகிரியின் படுக மொழி கன்னடத்துக்குள். ஐந்து கோடிப் பேரின் போஜ்புரி இந்திக்குள்!

1894-இல் தொடங்கி 1928 வரை கிரியர்சன் நடத்திய பெரிய மொழி ஆய்விலும் சென்னை மாகாணம் சேரவில்லை. ஆக, நம் பக்கத்துச் சிறுமொழிகளுக்கு அந்தப் பழைய அளவையிலும் முழு இடம் கிடைக்கவில்லை.

"இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. பள்ளி கேட்டுப் போனால் முதல் கேள்வி, "எத்தனை பேர் இருக்கீங்க?" என்பதுதான். கணக்கில் விழாத மொழிக்குப் பதில் ஏது?

கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது, சிறுவயதில் அம்மா நம்மிடம் பேசிய மொழி. வீட்டு மொழி வேறாக உள்ள நண்பர்கள் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும்போது, "தமிழ்னே எழுதிக்குங்க சார்" என்று கூச்சப்பட்டுச் சொல்லாதீர்கள். அம்மா பேசிய மொழியின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். மொழிக்கு நாம் நடக்கூடிய எல்லைக்கல் அந்த ஒரு பதில்தான்.