மன்னிப்புக்கும் சட்டம் உண்டு!



"உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும், தப்பு செஞ்சவன் தண்டனை அனுபவிக்கணும்" என்று எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும். நானும் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன். போன வருஷம் தப்பு செய்தவளே நான்தான் என்று ஆனபோது யோசிக்க ஆரம்பித்தேன்.

எட்டாம் வகுப்பில் சுற்றுலாவுக்காகக் கொண்டு வந்த என் 50 ரூபாயைக் காணோம். பக்கத்தில் உட்காரும் தோழிதான் எடுத்தாள் என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் அவள் பையைக் கொட்டிப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பணம் என் கணக்கு நோட்டு அட்டைக்குள்ளேயே இருக்கிறது! டீச்சர் என்னைத் திட்டவில்லை. எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவளிடம், "என்ன செஞ்சா உனக்கு மனசு ஆறும்மா?" என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படிப் பேசித் தீர்ப்பதற்கு 'சீரமைப்பு நீதி' என்று பெயர் என்றும், சில நாடுகளில் மாநில அரசுகளே இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன என்றும் டீச்சர் சொன்னார்கள்.

சீரமைப்பு நீதி என்றால் என்ன?

வழக்கமாக நாம் கேட்பது: யார் குற்றவாளி? என்ன தண்டனை? சீரமைப்பு நீதி கேட்பது: யாருக்கு வலித்தது? அவருக்கு என்ன வேண்டும்? அதைச் சரி செய்ய வேண்டியது யார்?

1974-ல் கனடா நாட்டில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி, "இவர்கள் அந்த மக்களை நேரில் சந்தித்தால் என்ன?" என்று நீதிபதியிடம் யோசனை சொன்னார். நீதிபதியும் சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "நாங்கதான் செஞ்சோம்" என்று சொல்லி, சில மாதங்களில் நஷ்டத்தையும் கட்டினார்கள். ஜெயிலுக்குப் போவதைவிட அந்தக் கதவைத் தட்டுவதுதான் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் எதற்கு?

அங்கே ஒரு நல்ல அலுவலரும் ஒரு நல்ல நீதிபதியும் இருந்தார்கள். இல்லாத ஊரில் என்ன செய்வது? அதற்குத்தான் சட்டம். அமெரிக்காவில் மூன்று மாநிலங்கள் செய்ததைப் பாருங்கள்.

1. வெர்மான்ட்: சிறு குற்றம் செய்தவரோடு ஊர் மக்களே தொண்டர்களாக உட்கார்ந்து பேசும் குழுக்கள் இங்கே 1995-ல் தொடங்கின. சீரமைப்பு நீதிதான் மாநிலத்தின் கொள்கை என்று 2000-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

2. இல்லினாய்ஸ்: 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒரு மாணவரை நீண்ட நாள் பள்ளியை விட்டு நிறுத்துவதற்கு முன், தகுந்த வேறு வழிகளை எல்லாம் முயன்று பார்க்க வேண்டும். 2021-ல் இன்னொரு சட்டம் வந்தது. சீரமைப்புக் கூட்டத்தில் ஒருவர் பேசியதைப் பொதுவாகக் கோர்ட்டில் அவருக்கு எதிராகச் சாட்சியாகக் காட்ட முடியாது. இது ஏன் முக்கியம்? பயம் இருந்தால் யார் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார்கள்?

3. கொலராடோ: பாலியல் குற்றம், குடும்ப வன்முறை போன்றவற்றை 2011-ல் வந்த சட்டம் இந்த வழியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தது.

இது கட்டப்பஞ்சாயத்தா?

இதை வீட்டில் சொன்னதும் அப்பத்தா, "இதத்தான்டி நம்மூர்ல பஞ்சாயத்துன்னு பண்றாங்க" என்றது. இல்லை அப்பத்தா! கட்டப்பஞ்சாயத்தில் பெரிய மனுஷங்க முடிவு பண்ணுவார்கள். பாதிக்கப்பட்டவர், அதுவும் ஏழையாகவோ பெண்ணாகவோ இருந்தால், "விட்டுக் குடுத்துப் போ" என்பார்கள். சீரமைப்பு நீதியில் தப்பு செய்தவர் முதலில் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனசார சம்மதித்தால்தான் கூட்டத்தில் உட்காருவார். "எனக்கு வேண்டாம்" என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

நம் நாட்டில்?

இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி, தவறு செய்த சிறுவர்களுக்கு அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை என்று இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை, 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, யாரும் பேசி முடித்துவிட முடியாது. அப்படி ஏதாவது நடந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். இதை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொன்ன பதில்

அன்றைக்கு நான் 'சாரி' சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என் பையக் கொட்டுனத எல்லாரும் பாத்தாங்க. நீ சாரி சொன்னத யாரும் பாக்கலையே" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எடுத்தது அவளுடைய நல்ல பேரை. அதை இரகசியமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதனால்தான் அவளிடம் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகு, இதை இங்கே எழுதுகிறேன். அவள் பணத்தை எடுக்கவில்லை. நான்தான் தப்பாகச் சொன்னேன்.

தண்டனை என்றால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். சரி செய்வது என்றால் நாமே எழுந்து போய்ச் செய்ய வேண்டும். சிந்திப்போம்! சரி செய்வோம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி