வாடகை வண்டி பிடிக்கு முன்னர்

தானமாகக் கிடைத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் முன்னோர் சொல். இனாமாக வந்த பொருளிற் குற்றங் காணலாகாது என்பதே அதன் கருத்து. ஆயின், பணங் கொடுத்து வாடகைக்குப் பிடிக்கும் வாகனத்தையும் நம்மவர்கள் தானத்துக்கு வந்த மாட்டைப் போலவே பல்லைப் பாராது ஏற்றுக்கொள்கின்றனர். வர்ணம் பளபளக்கின்றதா, குளிரூட்டி வேலை செய்கின்றதா, கிலோமீற்றருக்கு என்ன கேட்கின்றார்கள் என்னும் மூன்று வினாக்களோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. பின்னர் சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரங் கொளுத்தி, தேங்காய் உடைத்துப் புறப்படுகின்றோம். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த வேளையில் அச்சில்லின் டயரைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

திருகோணமலை நகரத்தவர்க்கு இது சிறு விஷயமன்று. ஆடி, ஆவணி மாதங்கள் பிறந்தால் கதிர்காமத்துத் திருவிழாவும் நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவமும் நம்மை அழைக்கின்றன. பாடசாலைகளுக்கு விடுமுறை வருங் காலமும், இலண்டனிலும் கனடாவிலும் இருந்து உறவினர் வந்து நிற்குங் காலமும் அதுவே. நிலாவெளியையும் புறாத்தீவையும் காணவரும் வெளிநாட்டாருக்கும் அதுவே பருவம். ஆகவே வாகனங்களுக்குக் கிராக்கி மிகுந்து, எது கிடைத்தாலும் போதும் என்னும் நிலைக்கு நாம் இறங்கிவிடுகின்றோம். அவ்வாறு இறங்கலாகாது என்பதை நாம் பட்டறிந்தே தெரிந்துகொண்டோம். அக்கதையைப் பின்னர் கூறுவோம்.

வாடகைக்கு ஓடும் வாகனங்களிற் பல வயது முதிர்ந்தவை என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி பிறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் புதியவை வாராமையால், இருந்தவையே ஓடி ஓடித் தேய்ந்தன. வர்ணம் பூசுதல் எளிது. தேய்மானத்தை மறைப்பதும் எளிது. ஆனால் முதுமை ஒன்றே குற்றமாகாது. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஒரு துளி பெற்றோல் காட்டி முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை அறியாதார் யார்? உடையவனின் பராமரிப்பே அந்தக் கிழக் கார்களுக்கு உயிர் கொடுத்தது. ஆதலால், வண்டி எந்த ஆண்டுக்குரியது என்று வினவுவதைக் காட்டிலும், அஃது எவ்வாறு பேணப்பட்டுள்ளது என்று நோக்குதலே அறிவுடைமை.

வாகனத்தைத் தெரிவு செய்யுமுன், போகின்றவர் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோணேசர் ஆலயத்துக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ செல்ல முச்சக்கர வண்டியே போதும். கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்றால் சிறு கார் தாராளம். பாட்டனும் பேர்த்தியும் சித்தப்பாவும் சேர்ந்தால் வான் வேண்டும். கே.டி.எச். என்று ஊரார் அழைக்கும் ஹைஏஸ் வான்களுக்கு நம்மிடையே இருக்கும் மதிப்பு இதனாலேயே ஏற்பட்டது. ஆயினும் வானின் படி உயரம். முழங்கால் வருத்தமுள்ள மூதாட்டிக்கு ஒவ்வோரிடத்திலும் ஏறி இறங்குதல் பெருந்துன்பம். ஒரு சிறு பலகைக் கட்டையை உடன் கொண்டு செல்வோர் இத்துன்பத்தைத் தவிர்க்கலாம்.

எண்ணிக்கையோடு பாரத்தையும் கணக்கிடல் நன்று. ஒன்பது பேர், ஆளுக்கு 60 கிலோகிராம் என்று கொண்டாலும், 540 கிலோகிராம் ஆகின்றது. பெட்டி படுக்கை, பலகாரப் பாத்திரம் முதலியவை வேறு. பாரங் கூடிய வண்டி நிற்பதற்குக் கூடிய தூரம் வேண்டும். “நெருக்கி இருந்தால் இன்னும் இரண்டு பேர் போகலாம்” என்று உபசாரஞ் சொல்லுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது வழி. நம் நகரிலிருந்து பிரியும் பெருவழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுடையவை. குச்சவெளி, திரியாய், புல்மோட்டை நோக்கிய கரையோர வீதி சமதரை. சிறிய காருக்கும் அங்கே தடையில்லை. தெற்கே மூதூர், வெருகல், மட்டக்களப்பு செல்லும் வழியில் முன்னாளிற் பாதையேறி நீர் கடக்க வேண்டியிருந்தது. வாகனத்தைப் பாதையில் ஏற்றி இறக்கும்பொழுது அடித்தட்டு உரசுமோ என்று அஞ்சிய காலம் அது. 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்டதோடு அவ்வழியின் இயல்பே மாறிற்று. இன்று மட்டக்களப்பு ஏறத்தாழ 135 கிலோமீற்றர்ப் பிரயாணமே. ஆனால் அங்கிருந்து பொத்துவில், மொனராகலை, புத்தல வழியே கதிர்காமம் சேர மொத்தம் 350 கிலோமீற்றருக்கு மேலாகும். அதனை ஒரே நாளில் முடிக்க நினையாது, மட்டக்களப்பிலோ திருக்கோவிலிலோ இராத் தங்கிச் செல்வதே முறை. புத்தலைக்கும் கதிர்காமத்துக்கும் இடையே யானைகள் வண்டிகளை மறித்து உணவு தேடுவதும் உண்டு.

மலைநாடு வேறு வகை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றரே எனினும், அத்தூரத்துள் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்றோம். 660 சீ.சீ. இயந்திரமுள்ள சிறு கார் சமதரையில் சிக்கனமாக ஓடும். நால்வரையும் பொதிகளையும் சுமந்து, குளிரூட்டியையும் இயக்கிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் ஏறும்பொழுது அது திணறும். ஏற்றத்திலும் இறக்கமே ஆபத்தானது. தாழ்ந்த கியரில் இறங்காது, பிரேக்கையே ஓயாது மிதிப்பவரின் வண்டியில் பிரேக்குச் சூடேறிப் பிடிமானங் குறைந்துவிடும். மலைப்பாதையிற் பழகிய சாரதியா என்று கேட்டறியாமல் மலைநாட்டுக்கு வண்டி பிடித்தல் தகாது.

இனி எமது அநுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், எம் தாயாரும் சகோதரியின் குடும்பமும் உட்பட ஒன்பது பேர் நுவரெலியா சென்று, சீதையம்மன் கோயிலைத் தரிசித்து வர விரும்பினோம். மூவரிடம் விலை கேட்டு, யார் குறைவாகச் சொன்னாரோ அவருடைய வானைப் பேசினோம். அதிகாலை நான்கு மணிக்கு வண்டி வாசலுக்கு வந்தது. வெண்முத்துப் போல வெளுத்திருந்த அதன் வனப்பிலே நாம் மயங்கி நின்றோம். எம் தாயார் மட்டும் வண்டியைப் பாராது சாரதியைப் பார்த்தார். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க அவ்விளைஞர் கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்று, நள்ளிரவு கழிந்தே திரும்பியிருந்தார்.

“தம்பி, அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளேல்லைப் போல கிடக்கு. ஒரு தேத்தண்ணி குடுத்து, கொஞ்ச நேரம் படுத்து எழும்பச் சொல்லு” என்றார் தாயார்.

நேரமாகின்றது என்று நாம் அதனைத் தட்டிக் கழித்தோம். போகும்போது ஒன்றும் நேரவில்லை. மறுநாள் இரவு திரும்பி வருகையில், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே, வானினுள் எல்லோரும் உறங்கிய வேளையில், தாயார் “முருகா!” என்று கூவியது கேட்டுக் கண் விழித்தோம். வீதியின் நடுவே ஒரு யானை நின்றது. சாரதி விழித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். சில்லுகள் நின்றன, வண்டி நிற்கவில்லை. வழுக்கிச் சென்று, பின்சில்லு கரையோரக் கானுள் இறங்க, ஒருபுறஞ் சாய்ந்து நின்றது. யானை சற்று நேரம் எம்மை நோக்கிவிட்டுக் காட்டினுள் மறைந்தது. எவருக்கும் காயமில்லை. அது கோணேசர் கருணை என்றே இன்றும் நம்புகின்றோம். ஆனால் கருணையை நம்பிக் கவனத்தைக் கைவிடலாகாது என்பதையும் அவ்விரவே கற்றோம். உதவிக்கு வண்டி வரும்வரை, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அந்த வானின் டயர்களை முதன்முறையாகப் பார்த்தோம். உள்ளங்கை போல அவை வழவழத்திருந்தன.

டயரின் வெட்டுக்களே வண்டியின் பற்கள். நனைந்த வீதியில் நீரை ஒதுக்கித் தரையைப் பற்றச் செய்வன அவையே. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீற்றரிலுங் குறையலாகாது என்பது பிரித்தானியா முதலிய நாடுகளின் சட்டம். வெட்டுக்களின் இடையே ஆங்காங்கு சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். டயர் தேய்ந்து அம்மேடுகளோடு மட்டமாகிவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்களையும் காணலாம். முதலிரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். தேயாதிருப்பினும், பத்தாண்டு கடந்த இறப்பர் இறுகி வெடிக்கும் இயல்பினது. இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மேலதிகச் சில்லும் அதனை மாற்றுங் கருவிகளும் உள்ளனவா என்று நோக்க இன்னுமொரு நிமிடம்.

பத்திரங்களையுங் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வாகன வரிப் பத்திரம் நடப்பாண்டுக்குரியதா என்பது முன்கண்ணாடியிலேயே தெரியும். காப்புறுதி சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுக்கப்பட்டதா, வாடகை ஓட்டத்துக்கும் செல்லுபடியாகுமா என்று வினவுதல் முக்கியம். ஆசனப் பட்டிகள் மடங்கி இருக்கைக்கடியில் மறைந்து கிடப்பின் அவற்றை வெளியே எடுத்துத் தரும்படி சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனரோ மருமகனோ தாமே ஓட்ட விரும்பினால், இங்கே செல்லத்தக்க அனுமதியை அவர் முன்கூட்டியே பெற்றிருத்தல் அவசியம்.

வாடகை பேசும்பொழுது, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர், அதன் மேல் ஓடினால் என்ன விலை, சாரதியின் உணவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பனவற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளல் நன்று. ஈற்றிற் சொன்னதே பலரும் பேசாது விடுவது. நாம் விடுதியிற் படுத்துறங்க, சாரதி வண்டியின் முன்னாசனத்திலே கொசுக்கடியில் இரவைக் கழிக்கின்றார். மறுநாள் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கையில்! மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் 19 மீற்றருக்கு மேற் கடக்கின்றது. மூன்று வினாடி கண்ணயர்ந்தால் 58 மீற்றர் தூரம் அதனை ஓட்டுவார் இல்லை.

அன்று அவ்விளைஞரை நாம் குறைகூறவில்லை. குறைந்த கூலிக்கு உறக்கமின்றி ஓடும் நிலைக்கு அவரைத் தள்ளியதில் விலையை மட்டுமே பார்த்த எமக்கும் பங்குண்டு. அதன்பின் நாம் ஒழுகும் விதிகள் சில. முதல் நாள் மாலையே வண்டியை வரவழைத்துப் பார்க்கின்றோம். சாரதிக்குப் படுக்கை கொடுத்து, பொழுது புலர்ந்த பின்னரே புறப்படுகின்றோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துகின்றோம். யானைக் காட்டு வழிகளை இருட்டுமுன் கடந்துவிடுகின்றோம். நல்லூர் செல்லும்போது முறிகண்டிப் பிள்ளையாரடியில் எவ்வாகனமும் நிற்கும். பிள்ளைகள் கச்சான் வாங்கும் அவ்வேளையில் நாம் சில்லுகளைச் சுற்றி வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

எம் தாயார் இன்றும் பிரயாணத்துக்குத் தயங்குவதில்லை. வண்டி வாசலுக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் வினா, “தம்பி, இரவு நித்திரை கொண்டனீரோ?” என்பதே. அதற்கு விடை கிடைத்த பின்னரே பலகைக் கட்டையில் கால் வைப்பார். வாசகர்களும் தேங்காய் உடைக்குமுன் வண்டியின் பல்லைப் பாருங்கள். அதனை ஓட்ட வந்தவரின் கண்ணையும் பாருங்கள்.