பொடிப்பூச்சி ஆட்டைச் சாய்ப்பது எப்படி?

இலங்கையின் மலைநாட்டில், 1,891 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொலயில் மாட்டுக்கொட்டிலின் ஓரம் சாணியும் தண்ணீரும் கலந்து சேறாகக் கிடக்கும். குலிக்காய்ட்ஸ் எனும் பொடிப்பூச்சிகள் பெருகுவது இத்தகைய ஈரத்தில்தான். உடல் இரண்டு மில்லிமீற்றர் இருந்தாலே பெரிது, சிறகில் புள்ளிகள்.

முட்டை வளர்க்கப் பெண் பூச்சி இரத்தம் குடிக்கும். நீலநாக்கு நோயுற்ற ஆட்டின் இரத்தத்தோடு அந்நோயின் வைரஸும் உள்ளே போகும். பூச்சிக்குள் பெருகி உமிழ்நீரை எட்டினால்தான் அது அடுத்த ஆட்டுக்குத் தொற்றும். சுமார் 12 பாகை செல்சியஸுக்குக் கீழே அந்தப் பெருக்கம் நின்றுபோகும். மலைக்குளிர் தரும் பெரிய காவல் இது. ஆனால் வெப்பம் திரும்பினால் வைரஸ் மறுபடி பெருகும். 2006 கோடையில் குளிர்நாடான நெதர்லாந்திலேயே நோய் பரவியது. தமிழ்நாட்டுச் சமவெளியிலோ, மழைக்காலத்தில் செம்மறிகள் மந்தையாக வாடுகின்றன.

மனிதருக்கு இந்நோய் தொற்றாது. சாணிச் சேற்றைத் தேங்க விடாதீர்கள். பூச்சிகள் கடிக்க வரும் அந்திக்கு முன்பே ஆடுகளை உள்ளே அடைத்துவிடுங்கள்.